மாரிமுத்து ஸ்பெஷலுக்கு நான் சாட்சி

மதுவை ஒருமுறைகூட நாக்கில் வைத்தறியாத நான், ஒரு மதுபானத்தைப் பற்றி இரண்டு அடிக்குறிப்புகளோடு கட்டுரை எழுதி அச்சிலும் ஏற்றியவன். அதன் பலனாகத்தான் 1943-இல், அதாவது எங்களை ஆண்டுகொண்டிருந்த ஜப்பானியரின் கணக்கில் 2603-இல், ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு நான்கு நாள் போய்வர நேர்ந்தது. நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நாட்குறிப்பில் இருப்பதெல்லாம் உண்மை என்று இப்போது அடித்துச் சொல்வதில்லை.

என் ஊர் மாயவரம். கோலாலம்பூரில் ஒரு தமிழ் வார இதழுக்கு மெய்ப்புத் திருத்த ஓராண்டுக்கென்று கப்பல் ஏறினேன். போர் வந்தது, இதழ் நின்றது, கப்பலும் நின்றது. இதழ் நடந்த காலத்தில் எனக்கு ஓயாமல் கடிதம் எழுதியவர் அந்தத் தோட்டத்துக் கிராணி செல்லத்துரை, கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தோட்டத்தில் பால்மரம் சீவும் மாரிமுத்து என்பவன் சிரம்பான் திடலில் ஒரு மைல் ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடி வெள்ளைக்காரர்களை முந்திவிட்டான் என்றும், துரைமார்கள் தங்கள் கிளப்பில் ஒரு மதுக்கலவைக்கு ‘மாரிமுத்து ஸ்பெஷல்’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள் என்றும் எழுதினார். நான் அதைக் கட்டுரையாக விரித்தேன். ‘ஜின்னும் எலுமிச்சையும் இஞ்சியும் சேர்ந்த அந்தப் பானம் நெஞ்சில் இதமாக இறங்குகிறது’ என்று முடித்தேன். யார் நெஞ்சில் என்று யாரும் கேட்கவில்லை. கிராணியையும் அந்தக் கிளப்புக்குள் விட்டதில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பார்க்காதவர் சொல்ல, குடிக்காதவன் எழுதியது அது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு லாரிக்காரர் கையில் அவரிடமிருந்து சீட்டு வந்தது: ‘மாரிமுத்துவின் பெயர் சயாம் பட்டியலில் ஏறிவிட்டது. உமது கட்டுரையின் துண்டோடு உடனே வரவும்.’ சயாம் என்றால் அப்போது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஜப்பானியர் அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போட்டார்கள். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு வரி கடிதம்கூட வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை புறப்பட்டேன். பெட்ரோல் இல்லாத காலம். அடுப்புக்கரியை எரித்து அந்தப் புகையில் ஓடும் லாரி. முதுகில் பீப்பாய் அடுப்பு ஒன்றைச் சுமந்துகொண்டு, கல்யாண வீட்டுச் சமையற்கட்டு நகர்ந்துபோவது போல அது போயிற்று. எங்கள் ஊர் சமையற்கட்டில் கடைசியில் சாப்பாடாவது உண்டு.

மந்தின் மலையில் மூன்றாவது வளைவில் வண்டி இருமிற்று, நான்காவதில் நின்றேவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். இரண்டு வாத்துகளோடு வந்த சீனத்து அம்மாள் மட்டும் இறங்கவில்லை. “வாத்துக்குத் தள்ளத் தெரியாது. நான் வாத்தோடு வந்தவள்” என்றாள் மலாயில். நான் என் பங்குக்குக் குடையை ஊன்றித் தள்ளினேன்.

“ஐயா, கொடையால குத்தாதீங்க, வண்டிக்கு வலிக்குது” என்றார் ஓட்டுநர். “கையால தள்ளுங்கலா.”

சிரம்பானுக்கு முன் சோதனைச் சாவடி. காவல் சிப்பாய்க்கு இடுப்பை வளைத்து வணங்க வேண்டும். நான் மூக்குக்கண்ணாடி கழன்று விழும்வரை வளைந்தேன். அதற்குக் காரணம் மரியாதை அல்ல. என் பையில், புத்தகங்களுக்கு நடுவே, ஒரு பழைய காலுறைக்குள் ஒன்றரைக் கிண்ணம் அரிசி இருந்தது. அரிசி கடத்தினால் உதை. ஆனால் மரவள்ளிக்கிழங்கு என் வயிற்றோடு ஒத்துப்போவதில்லை. நோயாளிக்கு என்று சேர்த்துவைத்த அரிசி அது. நோயாளி நான்தான். சிப்பாய் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். காலுறையைத் தொடவில்லை. வேறொருவனின் காலுறையைத் துருவிப் பார்க்கும் அளவுக்கு எந்தச் சாம்ராஜ்யமும் துணிவதில்லை.

தோட்டத்தை அடைந்தபோது கிராணி செல்லத்துரை வாசலிலேயே நின்றார். கடிதத்தில் கம்பீரமாகத் தெரிந்த மனிதர், நேரில் என்னைவிட ஒரு சாண் குள்ளம்.

“வாரும் காணும், வாரும். கட்டிங் கொண்டு வந்தனீரோ?”

“கொண்டுவந்திருக்கேன். ரெண்டு பிரதி.”

“அப்ப பயமில்லை.”

செம்பனை எண்ணெயில் பிரட்டிய மரவள்ளி, கூடவே கீரை, பிறகு மரவள்ளியையே வறுத்து இடித்த காபி. மாயவரத்துக் காபியை நினைத்துக்கொண்டு குடித்தேன். நினைப்பு குடிக்க உதவவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கிராணி தன் திட்டத்தைச் சொன்னார். ஆள் எடுக்கும் ஜப்பானிய அதிகாரி இளவயதில் ஓட்டக்காரராம். மாரிமுத்து பேர்பெற்ற வீரன், மாவட்டப் பந்தயத்துக்கு உதவுவான், விட்டுவிடுங்கள் என்று கிராணி கேட்டிருக்கிறார். என்ன ஆதாரம் என்றாராம் அதிகாரி. வெள்ளைக்காரர் இவன் பெயரில் பானமே வைத்தார்கள், பத்திரிகையிலும் வந்தது என்றிருக்கிறார் இவர். “ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பத்திரிகையைக் காட்டு, பானத்தையும் கொடு. பொய்யானால் நீயும் சயாமுக்கு” என்று அவர் சொல்லிவிட்டுப் போனாராம்.

“உந்தாள் காகிதத்தைக் கண்டால் நம்பும்” என்றார் கிராணி.

எனக்கும் அது மிகச் சரியாகப் பட்டது. எங்கள் ஆட்களுக்கு நற்சான்றுக் காகிதம் என்றால் ஒரு பக்தி உண்டு. வேலைக்கு, வாடகை வீட்டுக்கு, கல்யாணத்துக்கு, எல்லாவற்றுக்கும் யாராவது ஒரு பெரிய மனிதர் கையெழுத்திட்ட தாளை நீட்டிவிட்டால் கதவு திறக்கும் என்று நம்புவோம். இதில் யாழ்ப்பாணத்துக்கும் தஞ்சாவூர் ஜில்லாவுக்கும் வித்தியாசம் இல்லை.

சனிக்கிழமை காலை கிளப்புக்குப் போனோம். துரைமார்கள் ஓடிப்போய், பில்லியர்ட் மேசைமேல் மரவள்ளிச் சீவல் காய்ந்துகொண்டிருந்தது. மதுக்கூடத்துக்கு மேலே கறுப்புப் பலகையில் வெள்ளைச் சாயத்தில் பானங்களின் பட்டியல். நடுவில் மாரிமுத்து ஸ்பெஷல். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். என் கட்டுரையில் ஏதோ ஒன்று உண்மையாக இருப்பது மகிழ்ச்சியாக இருந்தது.

அங்கே பல வருடங்களாகப் பானம் கலந்து கொடுத்தவர் அந்தோணி. தலை முழுக்க நரை, கையில் மட்டும் நடுக்கமே இல்லை. அவருக்கு என் கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டினேன். இஞ்சி வரும் இடத்தில் அவர் தோள் குலுங்கியது. இதமாக இறங்கும் இடத்தில் பில்லியர்ட் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“பத்திரிகை ஐயா, அது பழஞ்சோத்துத் தண்ணி!”

“என்னது?”

“ஆமாங்க. மாரிமுத்து செயிச்சிட்டு வந்த அன்னிக்கி பெரிய தொரை கேட்டாரு, அந்தப் பய என்னத்தத் தின்னுட்டு இப்படி ஓடுறான்னு. காலையில பழஞ்சோத்துத் தண்ணி குடிச்சிட்டுப் போவான் தொரைன்னேன். அதையே ஜின்னுல ஊத்துன்னாரு. உப்பு, ஒரு எலுமிச்ச. அவ்ளோதான். ஓடிப்போற வரைக்கும் என் பொண்டாட்டி பானைத் தண்ணியத்தான் அத்தன தொரையும் சப்பிச் சப்பிக் குடிச்சாங்க.”

கிராணி செல்லத்துரை மெல்ல உட்கார்ந்தார். “நான் இஞ்சி எண்டெல்லோ உமக்கு எழுதினனான்?”

“நீங்க எழுதினதைத்தான் நான் அடிக்குறிப்புல போட்டேன்.”

ஜின்னுக்குப் பதில் மரவள்ளியில் வடித்த சம்சுச் சாராயம் அந்தோணியிடம் ஒரு புட்டி இருந்தது. எலுமிச்சை கிளப்புக்குப் பின்னால் காய்த்தது. ஆனால் பழைய சோற்றுக்குச் சோறு வேண்டும். தோட்டம் முழுவதிலும் அரிசி இல்லை. யாரிடம் கேட்கலாம், எங்கே மாற்றலாம் என்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த ஒரு மான் கொம்பை மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்தேன். கொம்பில் ஏழு கிளைகள். இரண்டாம் முறையும் எண்ணினேன்; ஏழுதான்.

அப்போதுதான் மாரிமுத்து வந்தான். கோணித் துணியில் தைத்த கால்சட்டை. உயரமான உடம்பு, விலா எலும்பு தெரிந்தாலும் கால் இரண்டும் தேக்குக் கட்டை. கிளப்பின் படியோடு நின்றுவிட்டான்.

“உள்ள வாலா மாரிமுத்து” என்றார் அந்தோணி.

“இருக்கட்டுமண்ணே. பழக்கமில்ல.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்கதானா என்னையப் பத்தி எழுதுனது? அந்தக் கடைசிச் சுத்த மட்டும் கொஞ்சம் படிங்களேன்” என்றான்.

படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கால் கட்டைவிரல் மட்டும் படியில் தாளம் போட்டது.

“மூணு வெள்ளக்காரன்னு போட்டிருக்கீங்க. நாலுங்க. ஒருத்தன் பாதியில நின்னுட்டான். நின்னதும் என்னால தானே? அவனையும் சேக்கணும்லா.”

அவனுக்குப் பின்னால் அவன் மனைவி லெட்சுமி, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். “இவரு பேர்ல ஊத்திக் குடிச்சாங்க. ஒரு சொட்டு இவருக்குக் குடுக்கலையே” என்றாள். குழந்தை என்னையே பார்த்தது. நான் மான் கொம்பை விட்டுவிட்டு, கிராணி வீட்டுக்குப் போய், காலுறையைக் கொண்டுவந்து மதுக்கூட மேடைமேல் வைத்தேன்.

கிராணி உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நேற்று மரவள்ளி சாப்பிடேக்கை உம்மடை முகம் போன போக்கு இப்பதான் விளங்குது, காணும்” என்றார்.

லெட்சுமி அதைப் பொங்கினாள். சோறு கொதிக்கும் வாசனைக்கு வரிசை வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எதற்கென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தண்ணீர் ஊற்றி மூடிவைத்த பானையை மறுநாள் வரை ஒருவரும் தொடவில்லை. காலையில் நீரை இறுத்தபின் சோறு குழந்தைக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் போயிற்று. ஒரு கவளம் எனக்கும் வரும் என்று காத்திருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு முற்பகலில் அதிகாரி வந்தார். மூக்குக்கண்ணாடி, முழங்கால்வரை சப்பாத்து, எழுத்தர் போன்ற முகம். பட்டியலையும் பென்சிலையும் மேசைமேல் வைத்துவிட்டு, பலகையைப் பார்த்தார். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய்தான். கிராணி என்னை முன்னே தள்ளினார். என் கட்டுரையை நானே மலாயில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் மாரிமுத்துவின் வேகம் இன்னும் கொஞ்சம் கூடியது. பந்தயம் நடந்த கிழமை, மழை நின்ற நேரம், திடலின் ஈரம் ஒன்றையும் விடவில்லை. அதிகாரி தலையாட்டினார். அச்செழுத்தை விரலால் தடவினார்.

அந்தோணி கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். வெண்கலங்கலாக இருந்தது. அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு அசையாமல் இருந்தார். கிராணி மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. அது நின்றதும் கேட்டது.

“எங்கள் ஊரிலும் அரிசியில் இப்படி வெள்ளையாக ஒன்று செய்வோம்” என்றார் அதிகாரி. கோப்பையைக் காலி செய்து, இன்னொன்று கேட்டார். அதையும் முடித்துவிட்டு, சிரித்த முகத்தோடு பென்சிலை எடுத்தார்.

“கதை உண்மை. மிக நல்ல ஆள். சயாமில் பலவீனமானவர்கள் சீக்கிரம் விழுந்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட கால்கள்தான் அங்கே தேவை. உங்கள் ஆட்களுக்கு இவனே தலைவனாகப் போகட்டும்.” மாரிமுத்துவின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார்.

முதல் கணத்தில் எனக்கு வந்தது பெருமை. என் கட்டுரையை ஒருவர் வரிக்கு வரி நம்பிவிட்டார். அந்த அற்பம் கடந்த பிறகுதான் விளங்கியது. வலுவுள்ள ஆட்களைத் தேடி அலைகிறவரிடம், இவன் எவ்வளவு வலுவானவன் என்று இரண்டு பிரதிகளோடு நிரூபித்திருக்கிறோம். கிராணிக்கும் எனக்கும் சேர்த்து எத்தனை நூல்கள் படித்த தலைகள்! படிக்கட்டில் நின்ற லெட்சுமிக்கு எங்களுக்கு முன்பே புரிந்துவிட்டது. அவள் குழந்தையை இறக்கித் தரையில் விட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“இது பொய்” என்றேன்.

அதிகாரி நிமிர்ந்தார்.

“நான் எழுதியது முழுப் பொய். விற்பனைக்காக எழுதினேன். கிராணி பத்திரிகையில் வந்ததை நம்பிவிட்டார், அவர் மேல் தவறில்லை. இந்த ஆள் ஓடவே இல்லை. பந்தயத் திடலில் பத்தடியில் கால் மடங்கி விழுந்தான். வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். இந்தப் பானமும் அப்படித்தான், இரண்டு கோப்பை குடித்தால் கால் மடங்கிவிடும். அதனால்தான் இவன் பெயர்.”

தேதி பிசகினால் தூங்காதவன் நான். அப்படிப்பட்ட எனக்கு அத்தனை சரளமாகப் பொய் வந்தது.

அதிகாரி அந்தோணியைப் பார்த்தார். “உண்மைதான் துவான்” என்றார் அந்தோணி, கண்ணிமைக்காமல். “இதைக் குடித்த துரைகளை நான்தான் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் போடுவேன்.”

அதிகாரி தன் காலைப் பார்த்துக்கொண்டார். இரண்டு கோப்பை உள்ளே போயிருந்தது. எழுந்து நின்று பார்த்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார். சம்சு எங்கள் பக்கம் இருந்தது.

“அவனைக் கூப்பிடு. நடக்கச் சொல்.”

மாரிமுத்து படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். தோட்டத்தில் யாருக்கு மலாய் தெரியாது? அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் எங்கும் எழுதவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கிளப்புக்குள் காலை வைத்தான். ஒரு அடி. இன்னொரு அடி. மார்பு நிமிர்ந்த ராஜநடை. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். “என்னங்க” என்று வெளியிலிருந்து லெட்சுமியின் குரல் வந்தது. அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. சாப்பிடக் கூப்பிடுவது போல. மூன்றாவது அடியில் அவன் வலதுகால் மடங்கியது. அதற்குப் பிறகு மேசைவரை காலை இழுத்து இழுத்துத்தான் வந்தான். அதைவிட மோசமாக நொண்டும் ஒருவனை நான் பார்த்ததில்லை.

அதிகாரி அந்த வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு என்னிடம் வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார். “பத்திரிகையில் பொய் எழுதலாமா?” என்றார். ஒரு வாசகர் நேரில் வந்து சொன்ன ஒரே விமரிசனம் எனக்கு அதுதான். அன்றாடம் வானொலியில் அவர்கள் சொல்லும் வெற்றிச் செய்திகள் நினைவுக்கு வந்தன. சிரிக்காமல் இருக்க அந்தக் கன்னவலி உதவியது.

திங்கட்கிழமை காலையில், நாள் விடியுமுன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும், மாரிமுத்து கிராணி வீட்டுக்கு வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்து, அடக்கமாக மறுக்க ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்தேன்.

“நாலு வெள்ளக்காரன முந்துனவன்யா நான்” என்றான். “நீங்கதான் எழுதுனீங்க. நீங்களே பத்தடியில விழுந்தான்னு சொல்றீங்க. நேத்துலேர்ந்து சின்னப் புள்ளைங்க என் பின்னால நொண்டிக்கிட்டே வருது.”

“உசிர் தப்பிச்சதே, மாரிமுத்து.”

“தப்புச்சு. இல்லேங்கல. எவன் உசுரு? நொண்டி மாரிமுத்து உசுரு.”

“இனிமேல் கொஞ்ச நாளைக்கு நீ நொண்டத்தான் வேணும், மோனை” என்றார் கிராணி. “ஓடினியோ, எல்லாரும் சயாமிலை நிப்பம். விளங்குதோ?”

அவன் திரும்பி நடந்தான். நொண்டாமல்தான் போனான்.

பட்டியலில் ஒரு பெயர் அடிபட்டதே தவிர, அதில் கேட்ட ஆட்களின் எண்ணிக்கை குறையவில்லை. வெறுமையான வரியில் இன்னொரு பெயர் ஏறியிருக்கும். எந்தக் கேள்வியையும் பாதியில் விடாத நான் அது யார் பெயர் என்று கிராணியைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாட்குறிப்பில் அந்தத் திங்கட்கிழமை, நான் வானிலையைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அதே கரிலாரி என்னைத் திரும்ப ஏற்றிக்கொண்டது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோட்டத்து மண்சாலை மேட்டில் வண்டி முனகிக்கொண்டு ஏறும்போது, இடப்பக்கத்து மரங்களுக்கிடையே ஏதோ அசைந்தது. ரப்பர் மர வரிசைகளுக்கு ஊடே, கோணிக் கால்சட்டையோடு, வெறுங்காலோடு, மாரிமுத்து ஓடிவந்தான். வண்டியோடு சமமாக வந்தான். நான் கைகாட்டினேன், நில் என்று. அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. முழங்கால் இன்னும் உயர்ந்தது. தலை அசையவில்லை, தோள் அசையவில்லை. பார்க்காமலே அந்தக் கடைசிச் சுற்றை எவ்வளவு மட்டமாக எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது.

மண்சாலை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் காவல் கொட்டகை இருந்தது. அதற்கு இன்னும் இரண்டு வளைவுகள். அங்கே இருப்பவர்கள் இவன் ஓடுவதைப் பார்த்தால் தீர்ந்தது.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “யாருய்யா அது, இந்த ஓட்டம் ஓடுறான்?”

“யாரோ சீக்காளி” என்றேன்.

“சீக்காளியா? வண்டிய முந்திட்டான்யா!”

“வண்டிக்குத்தான் சீக்கு.”

முதல் வளைவில் அவன் நின்றுவிட்டான். இடுப்பில் கைவைத்து, வண்டி வந்து சேரும்வரை காத்திருந்து, நேராக என்னைப் பார்த்தான். ஓட்டுநரும் என்னைப் பார்த்தார். அவனை முன்பின் தெரியாதவன் போல நான் மறுபக்கம் திரும்பி மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.